வாசல் மணிக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் எண்

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். கட்டிய காலத்தில் வெளிக்கேட்டின் தூணில் ஓர் இன்டர்காம் பெட்டியைப் பதித்து, வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் ஒரு ரிசீவரைத் தொங்கவிட்டிருந்தார்கள். பல மழைக்காலங்களைத் தாங்கிய பிறகு ஒவ்வொரு வீடாக அது ஊமையாகிப்போனது. பழுது பார்க்க வந்தவர், செம்புக்கம்பி பச்சை பூத்துவிட்டது, இந்த மாதிரிக்கு உதிரி பாகமும் வருவதில்லை என்று கையை விரித்தார். இனி ஐபி இன்டர்காம்தான், அதை இணையத் தொலைபேசியோடு சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சங்கச் செயலாளர் பதவி அந்த வருடம் என் தலையில் இருந்ததால், அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பொருள் தேடும் வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தது. தேடிப் புரிந்துகொண்டதை, இந்தத் துறையில் பழக்கம் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய இன்டர்காமில் கம்பிக்கு ஒரு வேலை. மணியடிக்க ஒன்று, பேச ஒரு ஜோடி, கதவைத் திறக்க இன்னொரு ஜோடி. எது வேலை செய்யவில்லையோ அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் பழுது கிடைத்துவிடும். புதிய முறையில் எல்லாம் ஒரே நெட்வொர்க் கேபிளுக்குள் போகின்றன. கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பு, பேச்சு, பூட்டு ஆகிய மூன்றும் இப்போதும் வெவ்வேறு வழிகளில்தான் நடக்கின்றன, வெவ்வேறு விதமாகத்தான் கெட்டுப்போகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் அழைப்பு. இணையத் தொலைபேசியில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் எண் உண்டு. மூன்றாம் வீட்டுப் போன் 203 என்றால், மின்சாரம் வந்ததும் அது, எல்லா அழைப்புகளையும் சேர்த்துவைக்கும் கணினியான இணைப்பகத்திடம் போய், ‘நான்தான் 203, இதோ என் கடவுச்சொல், இந்த முகவரியில் இருக்கிறேன்’ என்று பதிவு செய்துகொள்ளும். வாசல் பெட்டியும் அப்படியே 100 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளும். அவ்வளவுதான் ரகசியம். இணைப்பகத்தின் கண்ணுக்கு வாசல் பெட்டியும் இன்னொரு தொலைபேசி. அதில் டயல் செய்ய எண்கள் இல்லாமல் ஒரு பொத்தானோ எட்டுப் பொத்தான்களோ இருக்கின்றன. மூன்றாவது பொத்தானை அழுத்தினால் 203ஐ அழைக்கும்படி ஒருமுறை அமைத்துவிடுகிறோம். போதாக்குறைக்கு அதன் வயிற்றில் ஒரு மின்சுவிட்சும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

இந்த அழைப்புகளைச் செய்துவைக்கும் பொதுமொழிக்கு ‘சிப்’ என்று பெயர். எஸ், ஐ, பி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்துச் சொல்வது. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபிக்கும் இதற்கும் உறவில்லை. இன்று வழக்கில் உள்ள அதன் இலக்கணம் 2002ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமாக வெளியானது. ஒரே மொழியைப் பேசுவதால்தான் ஒரு நிறுவனத்தின் வாசல் பெட்டியை இன்னொரு நிறுவனத்தின் தொலைபேசியோடு சேர்க்க முடிகிறது. வாங்கும்போது விளம்பரத் தாளில் ‘ஐபி இன்டர்காம்’ என்று மட்டும் இருந்தால் போதாது; ‘சிப்’ ஆதரவு உண்டு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். தங்கள் சொந்த மானிட்டரோடு மட்டுமே பேசும் ஐபி இன்டர்காம்கள் சந்தையில் நிறையவே இருக்கின்றன. விலை குறைவாக இருக்கிறதே என்று அவற்றை வாங்கினால் பிறகு வேறு எதோடும் சேராது.

சிப் என்பது கல்யாணத் தரகரைப் போன்றது. இன்னார் இன்னாரோடு பேச விரும்புகிறார் என்று சொல்லி அனுப்பும், மணியடிக்கவைக்கும், எடுத்ததும் அறிமுகம் செய்துவைக்கும், முடிந்ததும் முடிந்தது என்று அறிவிக்கும். பேச்சு அதன் வழியாகப் போவதில்லை. குரல் ஆர்டிபி என்ற வேறொரு பாதையில், சிறு பொட்டலங்களாகப் போகிறது. வழக்கமான ஜி.711 முறையில் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொட்டலம் கட்டுகிறார்கள்; விநாடிக்கு 50 பொட்டலங்கள். உறை முகவரியெல்லாம் சேர்த்தாலும் ஒரு திசையில் விநாடிக்கு 100 கிலோபிட்டைத் தொடாது. எனவே, வாசல் மணியால் வீட்டு இணையம் மெதுவாகிவிடும் என்று கவலைப்படுபவர்களுக்குத் தைரியம் சொல்லலாம். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்றால் தரகர் வேலையை முடித்துவிட்டார், பொட்டலங்கள்தான் நடுவில் எங்கோ ரூட்டரில் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். வாசல் பெட்டி, இணைப்பகம், தொலைபேசிகள் எல்லாம் ஒரே கட்டடத்தின் நெட்வொர்க்கில் இருந்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இணையத் தொலைபேசி என்ற பெயரைக் கேட்டதும் இணைய இணைப்பு இல்லாவிட்டால் வாசல் மணி அடிக்காது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாதாடினார். இணைப்பகம் எங்கோ தொலைவில், மாதச் சந்தா கட்டும் நிறுவனத்திடம் இருந்தால் அவர் சொல்வது சரி. கீழ்த்தளத்தில் இருக்கிற வாசலிலிருந்து முதல் மாடிக்குப் போகும் அழைப்பு, ஊரெல்லாம் சுற்றி வரும். அதே இணைப்பகம் மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறிய பெட்டியாக இருந்தால் இணையம் நாள் முழுக்க அறுந்து கிடந்தாலும் மணி அடிக்கும், கதவு திறக்கும். ‘ஆஸ்டரிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், தன் சிறு நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி இணைப்பகம் வாங்கக் காசு போதாமல், தானே எழுதிவிடலாம் என்று 1999இல் தொடங்கியது அது. உள்ளங்கை அளவு ராஸ்ப்பெரி பை கணினியிலேயே எட்டு வீட்டுக்குத் தாராளமாக ஓடும். தனி வீடாக இருந்தால் அதுவும்கூட வேண்டாம். பல வாசல் பெட்டிகள் இணைப்பகத்தின் துணை இல்லாமலேயே உள்ளே இருக்கும் ஐபி தொலைபேசியை அதன் முகவரிக்கு நேரடியாக அழைத்துவிடும். என்னைக் கேட்டால், வாசல் விஷயத்தை வெளியூர் இணைப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. அலுவலகத்துக்கு ஏற்கெனவே அப்படி ஒரு சேவை இருந்து, அதோடு வாசலையும் சேர்ப்பதென்றால் வேறு விஷயம்.

பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு இணையத் தொலைபேசியோடு சேர்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. சில பெட்டிகளைச் சேர்க்க முடியும். அதற்கு நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும்: ஒரு பக்கம் பழைய இரட்டைக் கம்பி, மறுபக்கம் நெட்வொர்க் கேபிள். கடையில் போய் அடாப்டர் கேட்டால் எஃப்எக்ஸ்எஸ் வேண்டுமா எஃப்எக்ஸ்ஓ வேண்டுமா என்பார்கள். பலரும் இங்கேதான் தவறானதை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். எழுத்துகளை மறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: டயல் டோனை யார் கொடுக்கிறார்கள்?

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் மோடத்தின் பின்னால் தொலைபேசிக்கென்று ஒரு சிறு துளை இருக்கும். அதில் பழைய போனைச் செருகினால் டயல் டோன் கேட்கும். நமக்குத் தெரியாமலேயே நாம் பல வருடமாக இணையத் தொலைபேசியில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தத் துளை எஃப்எக்ஸ்எஸ் வகை: மின்சாரமும் டயல் டோனும் மணியும் கொடுக்கும் பக்கம். எஃப்எக்ஸ்ஓ என்பது அவற்றை வாங்கிக்கொள்ளும் பக்கம். உங்கள் பழைய வாசல் பெட்டி ஒரு சாதாரண போனைப் போல நடந்துகொண்டால், அதாவது பொத்தானை அழுத்தியதும் ரிசீவரை எடுத்ததுபோல இணைப்பைப் பிடித்து எண்ணை டயல் செய்யும் வகை என்றால், அதற்குக் கொடுக்கும் பக்கமான எஃப்எக்ஸ்எஸ் அடாப்டர் வேண்டும். பெட்டியே மின்சாரம் கொடுத்து உள்ளே இருக்கும் போனை ஒலிக்கவைக்கும் வகை என்றால் வாங்கும் பக்கமான எஃப்எக்ஸ்ஓ வேண்டும். இரண்டிலும் சேராமல், தயாரித்த நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசும் பெட்டிகள் மூன்றாவது வகை. எங்கள் பெட்டி அந்த வகை. அதனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணடித்தேன்.

அடாப்டர் வழியில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேசி முடித்து வீட்டில் ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்பதை வாசல் பெட்டி எப்படித் தெரிந்துகொள்ளும்? அதற்குக் கண் இல்லை. ‘கொய்ங் கொய்ங்’ என்ற பிஸி டோனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அந்த ஒலி நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ் அடிப்படையிலானது. அமெரிக்காவில் 480, 620 என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்தது. அடாப்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பில் இருக்கும். நம் ஊருக்கென்று அமைத்து விற்ற இன்டர்காமுக்கு அந்த ஒலி புரியாமல், இணைப்பைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அடுத்து வருகிறவர் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இருக்காது. அடாப்டரில் நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, வாசல் பெட்டியில் அழைப்புக்கு இரண்டு நிமிடம் என்று ஓர் உச்சவரம்பும் வைத்துவிடுவது நல்லது.

இப்போது பூட்டு. எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

வந்திருப்பவர் யார் என்று பேசித் தெரிந்துகொண்ட பிறகு, வீட்டில் இருப்பவர் போனில் 9ஐ அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 9 எப்படி வாசலுக்குப் போகிறது? பொத்தான் போன்களில் ஒவ்வோர் எண்ணும் இரண்டு ஒலிகளின் கூட்டு. 9 என்றால் 852 ஹெர்ட்ஸும் 1477 ஹெர்ட்ஸும் ஒரே நேரத்தில். 5 என்றால் 770ம் 1336ம். 1963இல் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த இந்த முறைக்கு டிடிஎம்எஃப் என்று பெயர். மனிதக் குரலில் தற்செயலாக இப்படியொரு ஜோடி சேர்ந்து வருவது அரிது என்பதால்தான் இரண்டு ஒலிகளை வைத்தார்கள். கம்பியில் போகும்வரை இதில் சிக்கல் இல்லை. இணையத் தொலைபேசியில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளும் உண்டு. ஜி.729 என்ற முறை 64 கிலோபிட் பேச்சை 8 கிலோபிட்டாக நசுக்கிவிடும். மனிதப் பேச்சுக்கென்றே செய்த அந்தச் சுருக்கலில், நம் காதுக்கு ஒலி அதேபோலத் தோன்றினாலும் அலைவரிசைகள் கோணிப்போய் வாசல் பெட்டி அதை 9 என்று ஏற்காது.

ஆகவே எண்ணை ஒலியாக அனுப்பாமல் செய்தியாக அனுப்பும் வழியைக் கண்டார்கள். குரல் பொட்டலங்களுக்கு நடுவே, ‘9 அழுத்தப்பட்டது’ என்று எழுதிய தனிப் பொட்டலம் போகும். இதை ஆர்எஃப்சி 2833 என்று அமைப்புப் பட்டியல்களில் பார்க்கலாம். 2006இல் அதற்குப் பதிலாக 4733 வந்துவிட்டது, ஆனாலும் பழைய எண்தான் புழங்குகிறது. மூன்றாவதாக, தரகரான சிப் கையிலேயே ‘இன்ஃபோ’ என்ற சீட்டாகக் கொடுத்தனுப்பும் வழியும் உண்டு. மூன்றில் எதுவானாலும் நடக்கும், ஆனால் தொலைபேசி, இணைப்பகம், வாசல் பெட்டி மூன்றும் ஒன்றையே பேச வேண்டும். எங்கள் வீட்டில் முதல் வாரம் நடந்தது இதுதான்: குரல் கணீரென்று கேட்கிறது, 9ஐ அழுத்தினால் ‘பீப்’ என்று ஒலிக்கிறது, கேட் அசையவில்லை. பூட்டைக் கழற்றிப் பார்த்தோம், மின்கம்பியைச் சோதித்தோம், பூட்டு விற்றவரோடு சண்டையும் போட்டோம். கடைசியில் போனில் ‘ஒலி’ என்றும் வாசல் பெட்டியில் ‘2833’ என்றும் இருந்ததுதான் கோளாறு. போனையும் 2833க்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டு விற்றவரிடம் மன்னிப்புக் கேட்க அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆனது.

கைபேசிக்கு அழைப்பைத் திருப்பும்போது இதே சிக்கல் இன்னொரு முறை வரும். கட்டடத்துக்குள் ஓடும் எக்ஸ்டென்ஷன் அழைப்புகள் நம் சொந்த விஷயம். பொதுத் தொலைபேசி எண்ணுக்குப் போகவேண்டுமானால் உரிமம் பெற்ற நிறுவனத்தின் இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும். அந்த இணைப்பிலும் எண்கள் சிதையாமல் வருகின்றனவா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். திருப்பாமல், கைபேசியிலேயே ஒரு சிப் செயலியை எக்ஸ்டென்ஷனாகப் பதிவு செய்யலாம். ஆனால் கைபேசி, பேட்டரியைச் சேமிக்கச் செயலிகளைத் தூங்கவைத்துவிடும். எழுப்பிவிடும் ‘புஷ்’ வசதி இல்லாத செயலி என்றால், கூரியர் பையன் போய்ப் பத்து நிமிடம் கழித்து நமக்குத் தகவல் வரும். எடுக்காத அழைப்பைக் குரலஞ்சல் எடுத்துக்கொள்ளும் வசதியை வாசல் அழைப்புக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். கேட்டுக்கு வெளியே பால் பாக்கெட்டோடு நிற்பவரிடம், பீப் ஒலிக்குப் பிறகு உங்கள் செய்தியைப் பதிவு செய்யவும் என்று ஒரு பெண்குரல் சொன்னால் அவர் என்ன நினைப்பார்?

9 வந்து சேர்ந்ததும் பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற மின்சுவிட்சு சில விநாடிகள் மாறி, பூட்டுக்குப் போகும் மின்சாரத்தைக் கொடுக்கும் அல்லது நிறுத்தும். கொடுப்பதா நிறுத்துவதா என்பது பூட்டைப் பொறுத்தது. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரை பிடித்திருக்கும், போனால் விட்டுவிடும். கதவுச் சட்டத்தில் பதிக்கும் மின்பூட்டுகளில் பெரும்பாலானவை நேர்மாறு: மின்சாரம் வந்தால்தான் விடும், வராவிட்டால் பூட்டியபடியே இருக்கும். மின்வெட்டில் காந்தப் பூட்டு திறந்துகொண்டு திருடனுக்கு வழிவிடுமே என்று தோன்றும். தீவிபத்தில் அதுவேதான் உயிரைக் காப்பாற்றும். மனிதர்கள் வெளியேற வேண்டிய வழியில், உள்ளிருந்து எப்போதும் கையாலேயே திறக்க முடிய வேண்டும். இதில் சமரசம் கூடாது. எங்கள் கேட்டுக்கு, உள்ளே கைப்பிடியால் திறக்கும் மின்பூட்டைத் தேர்ந்தெடுத்தோம். காந்தப் பூட்டுதான் வேண்டும் என்றால் இன்வெர்ட்டர் இணைப்போ தனி பேட்டரியோ சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுக்கு இரவும் பகலும் குடித்துக்கொண்டிருக்கும்.

வாசல் பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் பெரும்பாலும் நெட்வொர்க் கேபிளிலேயே வந்துவிடும். 2003இல் வந்த பிஓஇ முறையின்படி, நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்சு என்ற பெட்டி 15.4 வாட் கொடுத்தால், 100 மீட்டர் கேபிளின் மறுமுனையில் 12.95 வாட் உறுதியாகக் கிடைக்கும். பெட்டிக்கும் அதன் கேமராவுக்கும் இது போதும். பூட்டையும் அதிலேயே இழுத்துவிட ஆசைப்படாமல் தனி மின்வழங்கி வைப்பதே நிம்மதி. பூட்டின் சுருளில் மின்சாரம் அறுபடும் நொடியில் எதிர்த்திசையில் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறும். அதைத் தடுக்கும் டயோடு பல பூட்டுகளில் உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் வெளியே சேர்க்க வேண்டும். மறந்தால் ரிலே சில மாதங்களில் கருகி ஒட்டிக்கொள்ளும்.

ரிலே வாசல் பெட்டிக்குள் இருக்கிறது என்று சொன்னேன். வாசல் பெட்டி எங்கே இருக்கிறது? தெருவில். நாலு திருகாணிகளைக் கழற்றி, பின்னால் தெரியும் இரண்டு கம்பிகளை ஒன்றாகத் தொட்டால் போதும். கடவுச்சொல், குறியாக்கம் எதுவும் தேவையில்லை. இதை எத்தனை வீடுகளில் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பூட்டைத் திறக்கும் ரிலே சுவருக்கு உட்புறம் இருக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் பாதுகாப்பு ரிலே, வாசல் பெட்டியிடமிருந்து சரியான குறிச்சொல் வந்தால்தான் அசையும். கம்பியைத் தொட்டால் அசையாது.

அதே திருகாணிகளைக் கழற்றினால் கைக்கு வருவது இன்னொன்றும் உண்டு: உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் ஒரு முனை. மடிக்கணினியை அதில் செருகினால் தெருவில் நின்றபடி உங்கள் கேமராவையும் கணினியையும் தேடலாம். எனவே வாசல் கேபிளை, ஸ்விட்சில் விலேன் என்ற தடுப்பால் பிரித்து, இணைப்பகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாதபடி வைக்க வேண்டும். 100 என்ற வாசல் எக்ஸ்டென்ஷன் எட்டு வீடுகளைத் தவிர வேறு எந்த எண்ணையும் டயல் செய்ய முடியாதபடி இணைப்பகத்தில் பூட்டிவிடுங்கள். சிப் கடவுச்சொல் கிடைத்தவர்கள் இரவோடு இரவாக வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துக் கட்டணத்தை ஏற்றிவிடுவது இந்தத் துறையின் பழைய திருட்டு. சிப் அழைப்புகள் வந்து சேரும் 5060 என்ற நெட்வொர்க் வாயிலை ரூட்டரில் இணையத்துக்குத் திறந்துவைத்தால், எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். திறக்கவே வேண்டாம்.

பிரிட்டனில் இருக்கும் என் சித்தி மகன் இதே தலைவலியோடு ஒருநாள் அழைத்தான். அங்கே பழைய அனலாக் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரியோடு நிறுத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். அடுக்குமாடி வாசல் இன்டர்காம், லிஃப்ட்டின் அவசர அழைப்பு போன்றவை அந்தக் கம்பியை நம்பி இருந்தால் அதற்குள் மாற்றியாக வேண்டும். அவன் கட்டடத்துப் பெட்டி ஒரு சாதாரண போனைப் போல நடந்துகொள்ளும் வகை. ஓர் எஃப்எக்ஸ்எஸ் அடாப்டரோடு வேலை முடிந்துவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த கதையை அவனிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு சோதிக்கும் வரிசை முக்கியம். கட்டடத்துக்குள் இருக்கும் போனிலிருந்து 100ஐ அழைத்து, இருபுறமும் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு பூட்டைக் கழற்றிவிட்டு 9ஐ அழுத்தி, ரிலே ‘டிக்’ என்று ஒலிக்கிறதா என்று காது கொடுங்கள். அதன் பிறகுதான் பூட்டைச் சேர்க்க வேண்டும். கைபேசியும் செயலியும் கடைசி. முடிவாக ரூட்டரை அணைத்து, இணையம் இல்லாமலும் மணி அடிக்கிறதா என்று பாருங்கள், பிறகு மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போக முடிகிறதா என்று பாருங்கள். நாங்கள் இதை ஒரு சனிக்கிழமை மாலை செய்தோம். எல்லாம் சரியாக வந்தது, முதல் மாடிப் பாட்டி வீட்டைத் தவிர. அவர் 9ஐத் தொட்டும் தொடாமலும் விடுகிறார், இணைப்பகம் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இப்போது அவர் போனுக்கு மேல், ‘9ஐ ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை அழுத்தவும்’ என்று பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.